ஏரிக்கரை ரிசார்ட்: ‘லேக் வியூ’ அறைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: அடுத்த மாதப் பயணத்தில் இரண்டு இரவு ஏரிக்கரை ரிசார்ட் ஒன்றில் தங்கலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், ஏழு வயது மகன், முழங்கால் வலி உள்ள என் மாமியார் என நாலு பேர். பட்ஜெட் குறைவு. அங்கே ‘லேக் வியூ’ அறையின் வாடகை சாதாரண அறையைப் போல ஒன்றரை மடங்கு. அவ்வளவு தூரம் போய்விட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா என்கிறார் கணவர். எதை எடுக்கலாம்? வேறு என்ன விசாரிக்க வேண்டும்?

பதில்: சாதாரண அறையையே எடுங்கள். இரண்டு நாளில் அறைக்குள் இருந்தபடி ஏரியைப் பார்க்கும் நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறுவது கஷ்டம். பையன் கண் விழித்ததும் கரைக்கு ஓடுவான், அவன் பின்னால் நீங்களும் ஓடுவீர்கள். கரையும் புல்வெளியும் எந்த அறையில் தங்கினாலும் பொதுதான். மாமியார் நாள் முழுக்க அறையிலேயே இருப்பாரே என்று யோசித்தால் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், நீங்கள் போகும் மாதத்தில் ஏரி எங்கே இருக்கும் என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். படத்தை நம்பி ஓரிடத்தில் முன்பதிவு செய்துவிட்டுக் கோடையில் போய் நின்றவன் நான். படத்தில் படிக்கட்டை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீர், நேரில் வெடித்துக் கிடந்த சேற்றுக்கு அப்பால் ஒரு கோடாகத் தெரிந்தது. படம் பொய்யில்லை, மழைக்காலத்தில் எடுத்தது, அவ்வளவுதான். விளம்பரத்தில் ஏரி என்று வருவதில் பல, அணைகளின் நீர்த்தேக்கங்கள். பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் திறந்துவிட விட மட்டம் இறங்கும். கரை தட்டையாக இருந்தால், ஒரு மீட்டர் இறங்கினாலே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதியோடு பார்க்கலாம். இல்லையென்றால் தங்கிவிட்டு வந்தவர்கள் போட்ட படங்களில், போன வருடம் அதே மாதத்தில் எடுத்தவற்றைத் தேடுங்கள். ரிசார்ட்காரர் போட்ட படங்களை அப்புறம் ரசித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஜன்னல் வலை. ‘ஏசி இருக்கிறதா’ என்று எல்லோரும் கேட்பார்கள், ‘ஜன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் கிழியாத வலை இருக்கிறதா’ என்று கேட்பவர் குறைவு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம். கொசுவுக்கு ஏரியை மட்டும் குறை சொல்ல முடியாது. அலையடிக்கும் திறந்த நீரில் அது அதிகம் முட்டையிடாது. செடி மண்டித் தண்ணீர் தேங்கிய ஓரங்கள், மழைநீர் நிற்கும் பழைய படகு, பூந்தொட்டித் தட்டு, இவைதான் அதற்கு வசதி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் அந்தி முதல் விடியும் வரை. ஆகவே சாயங்காலம் மட்டும் களிம்பு தடவினால் போதாது. களிம்பில் ‘டீட்’ (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து 20 முதல் 30 சதவீதம் உள்ளதாக வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலுக்கான கிரீமை முதலில் பூசி, அது காய்ந்த பிறகு இதைத் தடவ வேண்டும். பையன் கையில் கொடுக்காமல் நீங்களே தடவிவிடுங்கள். கொசு நன்றாகப் பறக்கத் தெரியாத பூச்சி, மின்விசிறியை வேகமாக வைத்தாலே தடுமாறும். இருட்டியதும் விளக்கைச் சுற்றி மொய்ப்பது பெரும்பாலும் கொசு மாதிரியே இருக்கும், கடிக்காத ஏரிப்பூச்சிகள். பால்கனி விளக்கை அணைத்தால் போய்விடும்.

நீர் விளிம்பை ஒட்டிய தரைத்தள அறைகளில் இன்னொரு தொல்லை ஈரம். போனதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். மெத்தையைக் கையால் அழுத்திப் பாருங்கள், திரைச்சீலைக்குப் பின்னால் சுவரைத் தொட்டுப் பாருங்கள், அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசனை அடித்தால் அப்போதே வேறு அறை கேளுங்கள். குளித்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது.

வாடகை விஷயம் சுருக்கமாக: வரி, கூடுதல் படுக்கை, பையனுக்கான கட்டணம், காலை உணவு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பக்கத்தில் நடந்து போகும் தூரத்தில் வேறு சாப்பாட்டுக் கடை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மூன்று வேளையும் அவர்கள் சொல்வதுதான் விலை. வார நாளில் போக முடிந்தால் பேரம் பேச இடம் உண்டு.

படகில் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறியதும் நிலம் தண்ணீரைவிடச் சீக்கிரம் சூடாகி, ஏரியிலிருந்து கரைப்பக்கம் காற்று வீச ஆரம்பிக்கும். மதியத்துக்குமேல் அலை கூடுவது பெரும்பாலும் அதனால்தான். பையனுக்கு அவன் எடைக்கு ஏற்ற, கால்களுக்கு இடையே பட்டை மாட்டும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டினாலும், தண்ணீரில் விழுந்ததும் தலைவழியாகக் கழன்றுவிடும். சிறுவர் அளவு இல்லை என்றால் அவனைப் படகில் ஏற்றாதீர்கள். நீந்த இறங்குவதாக இருந்தாலும் ஒரு பெரியவர் கூடவே இருங்கள். மேலே வெதுவெதுப்பாக இருக்கும் ஏரி இரண்டு ஆள் ஆழத்தில் சில்லென்று இருக்கலாம், தரையும் திடீரென்று இறங்கலாம். தண்ணீர் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் மிதந்தால் காலைக்கூட நனைக்க வேண்டாம். அது நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம், அதில் சில வகைகள் விஷத்தன்மை உள்ளவை.

சரி, மாமியார். ‘லேக் வியூ’ காட்டேஜ்கள் பல இடங்களில் சரிவின் கீழே, தண்ணீரை நோக்கி இருக்கும். வரவேற்பறைக்கோ சாப்பாட்டுக் கூடத்துக்கோ போக ஒவ்வொரு வேளையும் படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்கு இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். கார் நிற்கும் இடத்தை ஒட்டிய சாதாரண அறை, அதுவும் தரைத்தளத்தில், அவருக்கு அதைவிட வசதி. தண்ணீரிலிருந்து தள்ளி இருப்பதால் ஈரத் தொல்லையும் குறையும். முன்பதிவுக்கு முன் போன் செய்து, அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, கரையோரம் நிழலில் முதுகு சாய்க்கும் நாற்காலி இருக்கிறதா, அதுவரை வண்டி போகுமா என்று கேளுங்கள். ‘கொஞ்சம்தான் படி மேடம்’ என்று பதில் வந்தால், எண்ணிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.