தானே எரிந்த களிமண்: ஸ்டூவர்ட்பி சூளையின் கதை

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பெட்ஃபோர்டிலிருந்து பிளெட்ச்லி செல்லும் ரயிலில் ஸ்டூவர்ட்பி என்ற சிறிய நிலையத்தைக் கடந்தோம். உலகிலேயே பெரிய செங்கல் சூளை ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது என்றார் உடன் வந்தவர். எனக்கோ ஏரியும் மரங்களும்தான் கண்ணில் பட்டன. எங்கள் பக்கமும் சூளைகள் உண்டு என்பதால் கேட்கிறேன்: ஒரு கிராமத்தில் அவ்வளவு பெரிய சூளை எப்படி வந்தது, ஏன் நின்றுபோனது?
– வாசகி ஒருவர், செங்கல்பட்டு

பதில்: உடன் வந்தவர் மிகைப்படுத்தவில்லை. 1930-களில் ஸ்டூவர்ட்பியில் ஏறத்தாழ 2,000 பேர் வேலை பார்த்தார்கள்; ஆண்டுக்கு 50 கோடி செங்கற்கள் அங்கிருந்து வெளியே போயின. அந்தச் சூளையை அவ்வளவு பெரிதாக வளர்த்ததும் கடைசியில் மூடவைத்ததும் அந்த ஊர் மண்தான்.

செங்கல் அறுப்பவர்களுக்கு இரண்டு கவலைகள் எப்போதும் உண்டு என்பதை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். அறுத்த பச்சைக்கல் காய்வதற்குள் மழை வந்துவிடக் கூடாது. சுடுவதற்கு வேண்டிய விறகோ நிலக்கரியோ கையைக் கடித்துவிடக் கூடாது. இந்த இரண்டு கவலைகளையும் பெருமளவு தீர்த்துவைக்கும் களிமண் ஒன்று, பீட்டர்பரோ நகரை அடுத்த ஃபிளெட்டன் என்ற கிராமத்தில் 1880-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. மேல்மண்ணுக்குக் கீழே ஆழத்தில் இருந்த அந்தக் கெட்டியான களிமண்ணைப் பொடித்து, காயவைக்காமலேயே இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கலாம். சூளையில் ஓரளவு சூடு ஏறியதும் கல்லுக்குள்ளேயே நெருப்புப் பிடித்துக்கொள்ளும். ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு அது என்பதால், மடிந்த கடலுயிர்களின் எச்சம் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் அதில் கலந்திருந்தது, அதுவே எரிபொருளாயிற்று. அந்தக் குழிகளிலிருந்து பழங்காலக் கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளும் வெளிவந்து அருங்காட்சியகங்களுக்குப் போயிருக்கின்றன.

இதே மண்படுகைதான் பெட்ஃபோர்டுக்குத் தெற்கே வுட்டன் பில்லிஞ் என்ற சிற்றூரின் அடியிலும் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஃபோர்டர் நிறுவனம் அங்கே சூளை போட்டது. ரயில் பாதை பக்கத்திலேயே இருந்ததால் கல்லை வெளியூருக்கு அனுப்புவதும் எளிதாக இருந்தது. சூளைகள் ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் ஹாஃப்மன் 1858-இல் காப்புரிமை பெற்ற முறையைச் சேர்ந்தவை. நம் நாட்டுச் சூளையில் ஒருமுறை அடுக்கி, ஒருமுறை சுட்டு, ஆறியபின் பிரிப்போம். ஹாஃப்மன் சூளையிலோ வளையமாக அமைந்த அறைகளில் கல் அசையாமல் இருக்க, நெருப்பு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்; ஆறுகின்ற கல்லின் சூடு எரியும் அறைக்குப் போகும் காற்றைச் சூடேற்றும், எரியும் அறையின் புகைச்சூடு அடுத்து வரவிருக்கும் பச்சைக்கல்லை வாட்டும். நம் பக்கம் ‘சேம்பர் செங்கல்’ என்கிறோமே, அதிலுள்ள சேம்பர் இந்த அறைதான்.

நிறுவனம் ஸ்டூவர்ட் குடும்பத்தின் பொறுப்புக்கு வந்து, 1923-இல் லண்டன் பிரிக் கம்பெனியுடன் இணைந்தபின், 1926 முதல் தொழிலாளர்களுக்கென வீடுகள், மன்றம், பள்ளி என்று ஒரு புதிய ஊரே கட்டப்பட்டது. 1937-இல் பழைய பெயரும் போய், முதலாளி குடும்பத்தின் பெயரே ஊர்ப் பெயராயிற்று. அக்காலத் தொழிலாளர் குடியிருப்புகளோடு ஒப்பிட்டால் அவை நல்ல வீடுகள்தாம். ஆனால் கூலி கொடுப்பவரே வீட்டுக்கும் சொந்தக்காரர் என்ற ஏற்பாட்டை முழு மனத்துடன் பாராட்ட எனக்கு இயலவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குண்டுவீச்சில் இடிந்த நகரங்களைத் திரும்பக் கட்டக் கல் தேவைப்பட்டதே தவிர, சூளை வெக்கையில் நிற்க உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை. எனவே 1951 முதல் தென் இத்தாலியிலிருந்து ஆட்களை அழைத்தார்கள். அந்தப் பத்தாண்டில் மட்டும் 7,500-க்கு மேற்பட்டோர் அந்த வட்டாரத்துச் சூளைகளுக்கு வந்தனர். பெட்ஃபோர்டில் இன்றும் இத்தாலியக் குடும்பங்கள் மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம். பின்னாளில் இந்தியர், பாகிஸ்தானியர், மேற்கிந்தியத் தீவினரும் அங்கே கல் அடுக்கினார்கள்.

இனி, நின்ற கதை. மண்ணுக்குள் கரிமப் பொருளோடு கந்தகமும் இருந்தது. சுடும்போது அது கந்தக டை ஆக்சைடாக வெளியேறி, சுற்றுவட்டாரம் முழுவதும் கெட்ட வாடை வீசியது. புகையிலிருந்த ஃபுளோரைடு புல்லில் படிந்து, அதை மேய்ந்த மாடுகள் நோயுற்றன. உயரமான புகைபோக்கிகள் புகையைத் தொலைவுக்குப் பரப்பினவே ஒழிய, குறைக்கவில்லை. கந்தக வெளியேற்றத்துக்கான வரம்பைப் பழைய சூளைகளால் எட்ட முடியாமல் போகவே, 2008-இல் ஸ்டூவர்ட்பி மூடப்பட்டது. எஞ்சி நின்ற நான்கு புகைபோக்கிகளும் 2021 செப்டம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நீங்கள் கண்ட ஏரி, மண் வெட்டிய குழியில் தேங்கிய நீர். அருகிலுள்ள கெம்ப்ஸ்டன் ஹார்ட்விக்கில் இருந்த பழைய சூளை நிலத்தில் யுனிவர்சல் நிறுவனத்தின் கேளிக்கைப் பூங்கா வரவிருப்பதாக 2025-இல் அறிவித்திருக்கிறார்கள்.

கேள்வி: அடுத்த முறை போகும்போது அந்தச் செங்கல்லைக் கண்டால் அடையாளம் தெரியுமா?
– அதே வாசகி

பதில்: தெரியும். நம் கல்லைப் போன்ற அடர்சிவப்பாக இல்லாமல் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். சூளையில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அடுக்கிய இடங்களில் நிறம் மாறிப் பட்டை பட்டையாகத் தெரியும். மேல்புறப் பள்ளத்தில் லண்டன் பிரிக் கம்பெனியைக் குறிக்கும் எல்.பி.சி. என்றோ, நான்குமுறை அழுத்தியது என்ற பொருள் தரும் ‘ஃபோர்பிரெஸ்’ என்ற வணிகப் பெயரோ பதிந்திருக்கும். அந்தப் பட்டைகள் அழகாக இல்லை என்று பலர் குறைப்பட்டதால், 1920-களிலிருந்து முகப்பில் கோடு கீறி மணல் ஒட்டிய கல்லையும் செய்தார்கள். பட்டை போட்ட சாதாரணக் கல் பூச்சுக்குள் மறைந்திருப்பதால், பழைய வீடு எதையாவது இடிக்கும் இடத்தில் பாருங்கள். அங்கே குவியலாகவே கிடைக்கும்.