480 டாலருக்கு ஒரு பட்டன் பெட்டியா?

கேள்வி: டெக்சாஸில் என் மகள் பள்ளியின் எஃப்.ஆர்.சி. (மாணவர் அணிகள் ரோபோ செய்து மோதும் ‘ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன்’) ரோபாட்டிக்ஸ் அணியில் ரோபோவின் கையை இயக்குகிறாள். கேம்பேடில் எந்தப் பட்டன் எதற்கு என்று குழப்பம் வருவதால் தனி கன்ட்ரோல் பேனல் கேட்கிறார்கள். ஒருவர் ‘போட்டிக்கென்றே செய்தது’ என்று சொல்லி 480 டாலர் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். விலை இருக்கட்டும், நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் ‘ஒவ்வொரு பட்டனுக்கும் விரும்பிய எழுத்தை ஒதுக்கலாம்’ என்று இருக்கிறது. அப்படியென்றால் அது கணினிக்குக் கீபோர்டாகத் தெரியும் பெட்டி. போட்டி லேப்டாப்பில் ஓடும் டிரைவர் ஸ்டேஷன் மென்பொருள் ஜாய்ஸ்டிக், கேம்பேட் வகைகளைத்தான் படித்து ரோபோவுக்கு அனுப்பும். கீபோர்டில் என்ன தட்டினாலும் ரோபோவுக்குப் போகாது.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. அந்த மென்பொருளில் என்டர் தட்டினால் ரோபோ செயலிழக்கும். ஸ்பேஸ்பார் தட்டினால் எமர்ஜென்ஸி ஸ்டாப். மறுபடி பூட் செய்யாமல் ரோபோ எழாது. பெட்டியில் ஒரு பட்டன் ஸ்பேஸ் என்று பதிவாகியிருந்தால் அந்த ஆட்டம் அதோடு போச்சு. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், பலருக்குத் தெரியவே தெரியாது. பணம் கொடுக்கும் முன் நோட்பேடைத் திறந்து பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, விற்பவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அணியின் புரோகிராமர்கள் லேப்டாப்பில் ஓடும் டாஷ்போர்டை, அதாவது ரோபோவின் தகவல்களைக் காட்டும் திரை மென்பொருளை, தாங்களே எழுதி, கீபோர்டில் வருவதை அது வாங்கி நெட்வொர்க் வழியாக ரோபோவுக்கு அனுப்பும்படி செய்யலாம். செய்த அணிகள் உண்டு. ஆனால் ஆட்டத்தின் நடுவே அந்த டாஷ்போர்டு உறைந்தால் பட்டன்களும் உறையும். வேறு ஜன்னலில் கிளிக் பட்டுவிட்டால் எழுத்து அங்கே போய் விழும். அதைப் பராமரிக்க ஒரு மாணவர் சீசன் முழுக்க வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் அணியில் இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அப்புறம் என்ன செய்வது? ‘ஜீரோ டிலே’ என்ற பெயரில் விற்கும் யு.எஸ்.பி. போர்டு பத்துப் பதினைந்து டாலர். கணினிக்கு ஜாய்ஸ்டிக்காகவே தெரியும், பன்னிரண்டு பட்டன் தாங்கும், வயர்களைச் செருகினால் போதும், சோல்டரிங் வேண்டாம். 30 மில்லிமீட்டர் ஆர்கேட் பட்டன்கள், ஒரு பிளைவுட் பலகை, பட்டனுக்குக் கீழே மார்க்கரில் பெயர். ஒரு சனிக்கிழமை மதியத்தில் உங்கள் மகளே முடித்துவிடுவாள். ப்ளூடூத் கூடாது, ஆட்டத்தில் அனுமதியில்லை. பேனல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு இந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

யு.எஸ்.பி. கேபிளைப் பலகையில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். நான் வழிகாட்டிய ஓர் அணியில் ஆட்டத்துக்குச் சில நிமிடம் முன்பு யாரோ கேபிளில் கால் இடற, சின்ன போர்டின் மைக்ரோ யு.எஸ்.பி. வாய் செப்புத் தடத்தோடு பிய்ந்து வந்தது. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு ஜிப் டை இருந்திருந்தால் நடந்திருக்காது.

இவ்வளவு எளிதான வேலைக்கு இடைத்தரகர் எங்கிருந்து வருகிறார்? பல பள்ளிகளில் பன்னிரண்டு டாலர் போர்டு வாங்கக்கூட அங்கீகரித்த கடைப் பட்டியல், கொள்முதல் ஆணை, இரண்டு கையெழுத்து. ஜனவரியில் சீசன் தொடங்கிச் சில வாரத்தில் முதல் போட்டி, பொருளோ மூன்று வாரம் கழித்து வருகிறது. எத்தனை தடவை சொன்னாலும் மாறவில்லை. பெற்றோர் பதறும் அந்த இடைவெளியில்தான் 480 டாலர்க்காரர் நுழைகிறார். போர்டைப் பெற்றோரே வாங்கிக் கொடுக்கலாமா என்று வழிகாட்டி ஆசிரியரிடம் இன்றே கேளுங்கள். இரண்டாக வாங்குங்கள், ஒன்று பையில் இருக்கட்டும்.

கேம்பேடையும் பேனலையும் சேர்த்துச் செருகும்போது வரிசை மாறிப்போகலாம். டிரைவர் ஸ்டேஷனின் யு.எஸ்.பி. பக்கத்தில் பேனலின் பெயரை ரோபோவின் புரோகிராமில் அதற்கு ஒதுக்கிய எண்ணுக்கு இழுத்து, டபுள் கிளிக் செய்து பூட்ட வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பார்க்கட்டும். பேனலின் பெயர் நீலமாக மாறினால் சரி. மாறாவிட்டால் கீபோர்டில் எஃப்1 தட்டினால், செருகியிருப்பவற்றை மென்பொருள் மறுபடி தேடும்.