நஞ்சிலும் நம் செல்லிலும் ஒரே நொதியா?

கேள்வி: பாம்பு நஞ்சில் உள்ள ‘பாஸ்போலிபேஸ் ஏ2’ என்னும் நொதி நம் செல்களுக்குள்ளும் இருப்பதாகப் படித்தேன். கடிபட்டவரின் செல்களைச் சிதைக்கும் அந்நொதி நம்மையே ஏன் சிதைப்பதில்லை?

பதில்: பெயர்தான் ஒன்று, நொதிகள் பல. செல் சவ்வில் உள்ள பெரும்பாலான பாஸ்போலிபிட் மூலக்கூறுகள் இரண்டு கொழுப்பு அமிலங்களைத் தாங்கியிருக்கின்றன. அவற்றுள், மூலக்கூறின் முதுகெலும்பான கிளிசராலின் நடுக் கார்பனில் பிணைந்திருப்பதை வெட்டி விடுவிக்கும் எந்த நொதிக்கும் இப்பெயரே வழங்குகிறது. செய்யும் வேலையை வைத்துப் பெயரிட்டதால் நேர்ந்த குழப்பம் இது.

நஞ்சில் உள்ளது செல்லுக்கு வெளியே சுரக்கும் வகை; ஏறத்தாழ 14 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள சிறிய புரதம். வெட்டுவதற்கு அதற்கு மில்லிமோலார் (லிட்டருக்கு மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் கால்சியம் வேண்டும். நம் இரத்தத்தில் கால்சியம் எப்போதும் அந்த அளவில் இருப்பதால், உள்ளே நுழைந்த நொடியிலிருந்தே அந்நொதி வேலையைத் தொடங்கிவிடுகிறது. வெட்டுக்குப் பின் எஞ்சும் லைசோபாஸ்போலிபிட் சோப்பைப் போன்ற தன்மையுடையது; மிகுதியாகச் சேர்ந்தால் சிவப்பணுக்களின் சவ்வையே கரைத்துவிடும். ஆயினும் நஞ்சின் கொடுமை முழுவதையும் இந்த வெட்டின் மீதே சுமத்துவது சரியன்று. நரம்பு முனைகளைத் தேடிச் சென்று தாக்கும் வகைகளும் இக்குடும்பத்தில் உண்டு.

செல்லுக்குள் பணியாற்றும் முதன்மையான வகையோ ஏறத்தாழ 85 கிலோடால்டன் எடையுள்ள, வேறு குடும்பத்தைச் சேர்ந்த புரதம். வெட்டுவதற்கு அதற்குக் கால்சியம் தேவையில்லை. சவ்வில் சென்று ஒட்டுவதற்குத்தான் தேவை. ஓய்வு நிலையில் செல்லுக்குள் கால்சியத்தின் செறிவு வெளியில் இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே என்பதால், ஏதேனும் சமிக்ஞை வந்து அது உயரும் வரை நொதி சவ்வை நெருங்காமல் விலகியே நிற்கிறது. நெருங்கியதும் அது பெரும்பாலும் அரக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தையே விடுவிக்கிறது; வலிக்கும் அழற்சிக்கும் காரணமான புராஸ்டாகிளாண்டின்கள் அதிலிருந்தே உருவாகின்றன. ஆஸ்பிரின் தடுப்பது, அந்த அமிலம் புராஸ்டாகிளாண்டினாக மாறும் அடுத்த படியை என்பதை 1971-இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் காட்டினார். எஞ்சிய லைசோபாஸ்போலிபிட்டையும் செல் அப்படியே விட்டுவைப்பதில்லை. வேறொரு கொழுப்பு அமிலத்தை அதில் பிணைத்துச் சவ்வுக்கே திருப்பிவிடுகிறது.

இருப்பினும் உங்கள் ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. நஞ்சு நொதிக்கு நெருங்கிய உறவான ஒன்றை நம் கணையமே சுரக்கிறது. கொழுப்பைச் செரிக்க அது வேண்டும். கணையம் அதைச் செயலற்ற முன்வடிவமாகவே வெளியனுப்புகிறது. குடலை அடைந்த பின் டிரிப்சின் என்னும் செரிமான நொதி அதன் ஒரு துண்டை நறுக்கினால்தான் அது விழிக்கும். கடும் கணைய அழற்சியில் அது கணையத்துக்குள்ளேயே முன்கூட்டி விழித்துக்கொண்டு, தன்னைச் சுரந்த செல்களின் சவ்வையே வெட்டத் தொடங்குகிறது.