கணக்கில் இரண்டு குறைகிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

வேலையை விட்டு 7 மாதம் ஆகிறது. வயது 43. ஒரே நிறுவனத்தில், கணக்குப் பிரிவில் 13 வருடம் இருந்தவன். வேலை தேடுவதில் எனக்குச் சலிப்பில்லை. தேடவைக்கிற விதத்தைத்தான் தாங்க முடியவில்லை.

முதலில் ரெஸ்யூமேயை ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றி முடித்ததும் அதே விவரத்தைக் கட்டம் கட்டமாக மறுபடி தட்டச் சொல்கிறார்கள். அவர்களாகவே நிரப்பிவைத்த கட்டங்களைப் பார்த்தால், நான் வேலை பார்த்த வருடங்கள் கல்லூரிப் பெயருக்கு நேரே உட்கார்ந்திருக்கின்றன. போன் நம்பர் கட்டம் காலி. எல்லாம் திருத்தி ஐந்தாவது பக்கம் போனால் "நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்." ‘விலகிய காரணம்’ என்று ஒரு கட்டம் எல்லாவற்றிலும் உண்டு, ‘சொந்த விருப்பம்’ என்று போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன், அதற்குமேல் அவர்களுக்கு எதற்கு? கடைசியில் நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க டிராஃபிக் சிக்னல் படங்களைத் தேடித் தேடி அழுத்த வேண்டும். நிரூபித்த பிறகு பதில் போடுவது ரோபோதான்.

எல்லாவற்றையும் எக்செலில் பதிந்து வைத்திருக்கிறேன். மொத்தம் 112 விண்ணப்பம். 74 இடத்திலிருந்து பதிலே இல்லை. 31 இடத்திலிருந்து ‘வருந்துகிறோம்’ மடல்; அதில் ஒன்று, நான் அனுப்பிய நான்காவது நிமிடம், இரவு 1.40க்கு வந்தது. நேர்காணல் வரை போனது 5. அந்த ஐந்திலும் எடுத்த எடுப்பில் ஒரே கேள்வி: "ஏன் அங்கிருந்து வந்துவிட்டீர்கள்?" வேறு கேட்க ஒன்றும் தெரியாதா இவர்களுக்கு?

வீட்டிலும் நிம்மதி இல்லை. மேல்வீட்டில் இரண்டு மாதமாக டிரில் ஓடுகிறது. லிஃப்ட் வாரத்தில் ஒரு நாளாவது நின்றுவிடுகிறது. கடன் வேண்டுமா என்று நாளைக்கு ஆறு அழைப்பு. மச்சான் வந்தால் செருப்பைக் கழற்றும்போதே "ஏதாவது அமைஞ்சுதா?" என்கிறார். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்ட அன்றுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. நேற்று பேனா மூடியைக் காணோம் என்று மகளிடம் கத்திவிட்டேன்.

நடுவில் இரண்டு இடத்திலிருந்து போன் வந்தது. மூன்று வாரத்துக்கு முன் வந்தபோது டிரில் ஓடிக்கொண்டிருந்தது, எடுக்கவில்லை. போன வாரம் வந்தபோது லிஃப்டில் இருந்தேன். மறுநாள் காலையும் அதே நம்பர் அடித்தது. மனைவி "போன் அடிக்குதே" என்றாள். சரி, அதை விடுங்கள்.

நான் கேட்பது இதுதான். ஒரு மனிதன் மணிக்கணக்கில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறான். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? 74 பேர்! இந்தக் கோபத்தைக் குறைக்க மூச்சுப் பயிற்சி மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அந்த டிரில் சத்தத்துக்கும் ஒரு வழி சொன்னால் நல்லது.

பெயர் வேண்டாம்.

———

அன்புள்ள வாசகருக்கு,

74, 31, 5. கூட்டினால் 110. உங்கள் தாளில் 112. பதின்மூன்று வருடம் கணக்கு பார்த்தவர் கூட்டலில் தவற மாட்டார். குறைகிற அந்த இரண்டையும் ‘அதை விடுங்கள்’ என்று கடிதத்தின் கீழ்ப்பகுதியில் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். மன்னியுங்கள், அதை நான் விடப்போவதில்லை.

முதல் அழைப்புக்கு டிரில், இரண்டாவதற்கு லிஃப்ட். ஏற்றுக்கொள்கிறேன். மறுநாள் காலை அடித்தபோது எது ஓடிக்கொண்டிருந்தது? அதை நீங்கள் எழுதவில்லை. வீடு அமைதியாக இருந்ததால்தானே உங்கள் மனைவிக்கு மணி கேட்டது.

யாரும் பதில் சொல்வதில்லை என்பது உங்கள் புகார். பதில் சொன்ன இருவருக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. 74 பேரின் மௌனத்தைவிட உங்களுடைய இந்த ஒரு மௌனத்தில்தான் விஷயம் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

கடிதத்தின் முதல் வரி "வேலையை விட்டு 7 மாதம்." நடுவில் ஓரிடத்தில் அடையாள அட்டையைக் "கழற்றி வாங்கிக்கொண்ட அன்று." தானாக விலகுகிறவர் அட்டையைத் தானே கொடுத்துவிட்டு வருவார், கழற்றி வாங்கமாட்டார்கள். உங்களை அனுப்பிவிட்டார்கள் என்றே நான் வாசிக்கிறேன். 112 படிவத்தில் ‘சொந்த விருப்பம்’ என்று இருப்பதற்கும், போன் அடித்தால் கை நகராததற்கும், ஐந்து நேர்காணலில் அந்தக் கேள்வி மட்டும் சுட்டதற்கும் காரணம் ஒன்றுதான். பேரேட்டில் ஒரு தவறான பதிவு இருக்கிறது. ஒவ்வொரு அழைப்பும் உங்களுக்குத் தணிக்கையாளர் வந்து நிற்பது போலக் கேட்கிறது.

எடுக்காத போன் அடித்து ஓய்ந்ததும் உடம்பில் ஒரு தளர்வு வந்திருக்குமே, அதைக் கவனியுங்கள். அந்த நிம்மதி ஒரு கூலி. ‘எடுக்காதே, நன்றாக இருக்கும்’ என்று மனம் அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை கை இன்னும் தாமதமாகும். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கடைசிவரை தெரியாமலே போவதால் பயம் தேய்வதே இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசக்கும். இரவு ஒன்றரை மணிக்குப் படிவம் நிரப்புவது உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் படிவம் திருப்பிக் கேள்வி கேட்காது. அதனால்தான் எண்ணிக்கை 112 வரை வந்தது, அழைப்பில் வந்து நின்றுவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்களுக்குப் பயன்படும். ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களில் ஒரு குழுவினரை, அந்த இழப்பைப் பற்றி உள்ளே இருப்பதையெல்லாம் தினம் 20 நிமிடம், தொடர்ந்து 5 நாள் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. இத்தனைக்கும் அவர்கள் மற்றவர்களைவிட அதிக இடத்துக்கு விண்ணப்பிக்கவும் இல்லை. கோபத்தை வெளியே கொட்டிவிட்டதால் நேர்காணலில் அது எட்டிப்பார்க்கவில்லை என்பது ஒரு விளக்கம். மூச்சுப் பயிற்சிக்குப் பதில் நான் தருவது இதைத்தான். பேனா மூடியைப் பற்றி எழுத வேண்டாம். அட்டையைக் கழற்றி வாங்கியது யார், அப்போது பக்கத்து மேஜைக்காரர் என்ன செய்தார், வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள், இதை எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

அடுத்தது அந்தக் கேள்விக்கான பதில். முப்பது விநாடி போதும். உங்கள் நிலை நான் ஊகிப்பதுபோல ஆட்குறைப்பு என்றால் இப்படி: "நிறுவனத்தில் ஆட்குறைப்பு செய்தார்கள், அதில் என் பணியும் போனது. மாதக் கணக்கை முடித்துக் கொடுப்பதுவரை 13 வருடம் பார்த்திருக்கிறேன். இங்கேயும் அதே வேலை இருப்பதால் விண்ணப்பித்தேன்." அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். எதிரில் இருப்பவர் குறிப்பு எழுதும் மூன்று விநாடி மௌனத்தைத் தாங்காமல், பழைய மேலாளர் எப்படிப்பட்டவர் என்பதில் ஆரம்பித்துவிடுவார்கள். அனுப்பியதற்கு வேறு காரணம் இருந்தால் அதையும் ஒரே வரியில் சொல்லி, அதன்பின் எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று அடுத்த வரியில் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள், பிறகு மனைவி முன்னால் சொல்லிப் பாருங்கள். அவருக்கு அந்த நாளின் முழுக் கதை தெரியுமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தெரியாதென்றால் முதலில் கேட்க வேண்டியவர் அவர்தான்.

‘சொந்த விருப்பம்’ என்பதை இன்றோடு நிறுத்துங்கள். வேலைக்கு எடுக்கும் முன் பழைய நிறுவனத்தில் விசாரிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆட்குறைப்பு எந்தக் கதவையும் மூடாது என்று சொல்லமாட்டேன், சில இடத்தில் மூடும். ஆனால் ஆட்குறைப்பில் வந்தவரை எடுப்பார்கள். பொய் எழுதியவர் என்று தெரிந்தால் கையில் கொடுத்த வேலையையும் திரும்ப வாங்குவார்கள். வேலைத் தளங்களில் சேமித்திருக்கும் உங்கள் விவரப் பக்கத்தில் அந்தக் கட்டத்தை மாற்ற முடியும். அனுப்பிவிட்டவற்றைத் துரத்த வேண்டாம். யாராவது கூப்பிட்டால், "படிவத்தில் காரணத்தைத் தவறாகக் குறித்துவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கணக்கில் திருத்தப் பதிவு போடுவது உங்களுக்குப் புதிதா என்ன!

அந்த இரண்டு அழைப்புகள். போன வாரத்து நம்பருக்கு நாளை காலையே கூப்பிடுங்கள். பெயர், எந்தப் பணி, "உங்கள் அழைப்பை எடுக்கத் தவறிவிட்டேன், இப்போது பேச முடியுமா?" லிஃப்ட் கதை வேண்டாம். மூன்று வாரத்து அழைப்புக்கு மூன்று வரி மின்னஞ்சல் போதும். இரண்டு இடமும் நிரம்பியிருக்கலாம். பரவாயில்லை, உங்கள் தாளில் அந்த இரண்டு வரிக்கு நேரேயும் ஒரு பதில் எழுத முடியும்.

படிவத் தொல்லையைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம்தான். ஆனால் அதில் பாதியை நீங்களே சரிசெய்யலாம். உங்கள் ரெஸ்யூமே பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து அடித்தது என்று நினைக்கிறேன். பல மென்பொருள்கள் அதை இடமிருந்து வலமாகக் குறுக்கே வாசிப்பதால்தான் வருடங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் போய் விழுகின்றன. போன் நம்பரைப் பக்கத்தின் தலைப்பகுதியில் (ஹெடரில்) வைத்திருந்தால் சில மென்பொருள்கள் அதை எடுப்பதே இல்லை. பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்; அங்கே வரிசை கலைந்திருந்தால் அவர்களிடமும் பெரும்பாலும் கலைந்துதான் போகிறது. பக்கத்தைப் பிரிக்காமல், எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி மாற்றுங்கள். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான பதில்களைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டால் ‘நேரம் முடிந்தது’ வந்தாலும் ஐந்து நிமிடத்துக்குமேல் வீணாகாது.

74 பேர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அது மரியாதைக் குறைவுதான். அதற்கான கோபத்தைப் பேனா மூடிக்காக வாங்கிக்கொண்டவள் உங்கள் மகள். அவளிடம் இன்றே பேசிவிடுங்கள்.

டிரில்லுக்கு வழி கேட்டீர்கள். மேல்வீட்டுக்காரரிடம் போய், எத்தனை மணிக்கு ஆரம்பிப்பார்கள், எப்போது இடைவேளை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். நாளைய அழைப்பை அந்த இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம்.