60ஆம் பக்கத்தில் நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள அக்கா,
உங்கள் பேச்சைக் கேட்டு டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலை எடுத்தேன். மூன்று தரம் தொடங்கியும் 60ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. நீதிமன்றம், விசாரணை என்று இழுக்கிறது. கதையை யூடியூபில் கேட்டுவிட்டேன். இவ்வளவு பாடுபட்டு வாசித்து என்ன கிடைக்கும்? ஈழத்து நாவல்களில் எதிலிருந்து தொடங்கலாம்?
ஒரு வாசகன், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

ஈழத்து நாவல் என்றால் டானியலின் 'பஞ்சமர்' தேடி எடுங்கள். சரி, அது போகட்டும். யூடியூபில் கேட்டதை வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து ருசி சொன்னால் உங்கள் வயிறு நிறையுமா?

'இழுக்கிறது' என்ற சொல்தான் எனக்குக் கோபம் வரவைத்தது. ஏனென்றால் அதே இடத்தில் நானும் நின்றவள்.

1993. எனக்கு 16 வயது. யாழ்ப்பாணத்தில் 1990இல் போன கரன்ட் வரவேயில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தங்க விலை. அம்மம்மா வீட்டில் ஜாம் போத்தல் விளக்குத்தான்: அடியில் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், ஒரு திரி. பக்கத்தின் மேல்பாதியை வாசித்துவிட்டுப் போத்தலை நகர்த்தினால்தான் கீழ்ப்பாதி தெரியும். ஒன்பது மணிக்கு அம்மம்மா ஊதி அணைத்துவிடுவார்.

நாவலின் அந்த விசாரணையில், ஒரு வியாபாரிக்கு நஞ்சு கொடுத்துக் கொன்று பணம் திருடினாள் என்று மாஸ்லவா என்ற பெண் மீது குற்றம். தூக்க மருந்து என்று நம்பித்தான் அந்தப் பொடியைக் கொடுத்தாள். குற்றவாளியா என்று முடிவு சொல்ல இருந்த பன்னிரண்டு ஜூரிமாருக்கும் அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஆனால் களைத்துப்போனார்கள், வீட்டுக்குப் போகும் அவசரம். 'திருடும் நோக்கமின்றி' என்று எழுதியவர்கள், 'கொல்லும் நோக்கமின்றி' என்று சேர்க்க மறந்துவிட்டார்கள். நாலு வருடக் கடூழியம், சைபீரியா. ஒரு காலத்தில் அவளைக் கெடுத்துக் கைவிட்ட நெஹ்லூதவும் அந்த ஜூரியில் இருந்தான்.

தம்பி, நானும் அதைக் கவனிக்கவில்லை. தீர்ப்பு வந்ததும் திடுக்கிட்டுப் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். அந்த வார்த்தைகளைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை என்று அங்கேயே ஒரு வரி இருந்தது; நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். சாட்சி, மருத்துவ அறிக்கை என்று அத்தனை பக்கங்கள் என்னையும் களைக்க வைத்திருந்தன. அந்தப் பன்னிரண்டு பேரோடு நானும் மேசையைச் சுற்றி இருந்து, எப்போது முடியும் என்று காத்திருந்திருக்கிறேன். உங்களுக்கு இழுத்ததும் அந்தப் பக்கங்கள்தான். காணொளியில் 'தவறுதலாகத் தண்டிக்கப்பட்டாள்' என்று ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள். அந்தத் தவறில் உங்களுக்கு என்ன பங்கு இருந்தது? முதல் பக்கத்திலிருந்து திரும்ப எடுங்கள்.

மறுநாள் கிணற்றடியில் அம்மம்மாவிடம் சொன்னேன். "ஒரு சொல்லு எழுத மறந்ததுக்கோ அந்தப் பெட்டைக்கு நாலு வருசம்?" என்று வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றிரவும் ஒன்பது மணிக்கு விளக்கை ஊதி அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது:

"ஏன் பிள்ளை, அவள் அப்பீல் எடுக்கேலாதோ?"