மதுரை வெயிலும் விக்டரி கப்பலும்

அன்புள்ள ஐயா,

செல்லூரிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் எச்.எம்.எஸ். விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாதிரியைச் செய்யும் மரக் கிட் ஒன்று வாங்கினேன். சட்டம் கூட்டி முடித்து, அதன் மேல் ஒட்டும் நீள மரப் பட்டைகளில் முதல் அடுக்கை வெந்நீரில் ஊறவைத்து, சூட்டோடு சூடாக வளைத்து ஒட்டினேன். முகப்பில் பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. மே மாதம் கப்பலின் நடுப்பகுதியிலும் பட்டைகளுக்கு இடையே இடைவெளி விழுந்துவிட்டது. வெளிநாட்டு மரம் மதுரை வெயிலைத் தாங்காதா? மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிடலாமா? அலுத்துப்போய் இப்போது பாய்மரங்களைச் செய்துகொண்டிருக்கிறேன். "யாரோ வெட்டிக் குடுத்தத ஒட்டுறது ஒரு வேலையா? கடலே இல்லாத ஊர்ல வெள்ளைக்காரன் கப்பல் எதுக்கு?" என்கிறார் அப்பா.

செ., மதுரை

அன்புள்ள செ.,

மேலூர்ப் பக்கம் என் தாய்மாமாவின் பட்டறையை இடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்து, மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

கடல் இல்லாத ஊர் என்ற பேச்சை விடுங்கள். விக்டரி 1765-ல் தண்ணீரில் இறங்கியது, 1805-ல் ஸ்பெயின் கரையோரம் டிரஃபால்கரில் சண்டை போட்டது. 1922-லிருந்து இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் தண்ணீர் இல்லாத துறையில்தான் நிற்கிறது. அதைச் செல்லூரில் செய்வதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் வெயில் மேல் பழி போடாதீர்கள். இதைக் கோபமாகவே சொல்கிறேன். எந்த நாட்டு மரமானாலும் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீங்கள் உப்பிய பட்டையை ஈரத்தோடே ஒட்டி, பக்கத்தில் இன்னொரு உப்பிய பட்டையை நெருக்கி வைத்தீர்கள். காய்ந்ததும் இரண்டும் விலகின. ஐப்பசியில் ஒட்டியிருந்தால் விலகக் கொஞ்சம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். வளைத்த பட்டையைச் சட்டத்திலேயே கிளிப் போட்டு ஓர் இரவு காயவிட்டு, அப்புறம்தான் பசையைத் தொட வேண்டும்.

மாமா வண்டிச் சக்கரம் செய்தவர். கருவேல மரம். சக்கரத்தின் நடுக் குடத்தில் ஆரக்காலை இறக்கும்போது எடுத்த எடுப்பில் சுத்தியலைத் தொடமாட்டார். கையால் வைத்துப் பார்ப்பார், உருவுவார், உளியால் ஒரு சீவு சீவுவார், மறுபடி வைப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பொறுமை போய்விடும். "அடிச்சா ஏறிரும் மாப்ள. ஏறுனதெல்லாம் உக்காந்ததா?" என்பார். சுற்றிவர மர வட்டையும் பூட்டி முடிந்த பிறகு, இரும்புப் பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கிச் சக்கரத்தை இறுக்கும். சரியாக உட்காராத ஆரக்கால் அந்த இறுக்கத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பட்டறையில் மரத்தூளை அடைத்த சக்கரம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

உங்கள் முகப்புக்கு வருகிறேன். எல்லாம் வெட்டித்தான் வருகிறது என்று அப்பா நினைக்கிறார். நீங்களும் அப்படியே நம்பிவிட்டீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். கிட்டில் வருவது ஒரே அகலமுள்ள நேர்ப் பட்டை. கப்பலுக்கோ வயிறு பெரியது, முகப்பு சிறியது. நடுச்சட்டத்தில் மேலிருந்து அடிக்கட்டை வரை 100 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 5 மில்லிமீட்டர் பட்டை 20 பிடிக்கும். அந்த 20 பட்டைகளும் முகப்பில் 60 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றும் அங்கே 3 மில்லிமீட்டர்தான் இருக்க முடியும். அதைச் சீவ வேண்டியவர் நீங்கள். சீவாமல் விட்டால் பட்டை ஏறாமல் என்ன செய்யும்?

ஒரு தாள் கீற்றை ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பிலும் சுற்றி அளவெடுங்கள். பட்டை எண்ணிக்கையால் வகுத்து, சட்டத்திலேயே பென்சிலால் குறியுங்கள். பாதி அகலத்துக்கும் கீழே சீவ வேண்டி வந்தால் சீவாதீர்கள்; அங்கே ஒரு பட்டையை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பட்டைகளுக்கு அகலம் கொடுங்கள். பின்பக்கம் இடம் விரியும், ஆப்பு வடிவத் துண்டு சேர்க்க வேண்டிவரும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் அடிக்கட்டையே திருகிக்கொள்ளும். மேலே வால்நட் மரப் பட்டைகளின் இரண்டாம் அடுக்கு வந்து மூடத்தானே போகிறது என்ற அலட்சியம் வேண்டாம். கீழே உள்ள மேடு பள்ளத்தை மேலே வரும் மெல்லிய பட்டை அப்படியே காட்டும். மயிரிழைச் சந்துகளை நீங்கள் சொன்ன கலவையால் அடைத்து உப்புத்தாள் போடலாம். ஏறிக்கொண்ட பட்டையை அதனால் மறைக்கக் கூடாது.

இந்தக் கணக்கை அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போடுங்கள். ஒட்டுகிற வேலையா இல்லையா என்று அவரே பார்க்கட்டும்.

நீங்கள் ஒட்டியது ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை என்றால் பிழைத்தீர்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவி ஊறவிட்டால் இளகும், மெல்லிய கத்தியை விட்டு நெம்பலாம். பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். முகப்பில் ஏறிக்கொண்ட பட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். அசல் விக்டரியிலேயே உளுத்த பலகைகளைக் கழற்றிப் புதிது போடும் வேலை நடக்கிறது. உடைந்த பட்டைகளுக்குப் பதிலாக அதே கனத்தில் ஏதாவது மென்மரத்தை ஓர் ஆசாரியிடம் அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள், முதல் அடுக்குக்கு அது போதும். பாய்மரங்களைத் துணியில் சுற்றிப் பீரோ மேல் வைத்துவிடுங்கள். கப்பலின் உடல் முடியும்வரை அவற்றைத் தொட வேண்டாம்.