2 ஜிபி லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு: பாலக்கோட்டு நண்பருக்கு

நண்பரே, விண்டோஸ் 10 மேல் எமுலேட்டர் (விண்டோஸுக்குள்ளேயே ஆண்ட்ராய்டை ஓட்டும் மென்பொருள்) போட்டதும் மவுஸ்கூட நகரவில்லை என்கிறீர்கள். விண்டோஸும் ஆண்ட்ராய்டும் அதே 2 ஜிபி ராமுக்குப் போட்டி போட்டால் அப்படித்தான் ஆகும். எமுலேட்டரை நீக்கிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு-எக்ஸ்86 9.0 என்பது சாதாரண கணினியில் நேரடியாக ஓடும் ஆண்ட்ராய்டு (2020-இல் வந்தது). அதன் ஐஎஸ்ஓ கோப்பை (முழு சிஸ்டமும் அடங்கிய ஒரே கோப்பு) ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் ஏற்றுங்கள். பயாஸில் (லேப்டாப் கிளம்பும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்) செக்யூர் பூட்டை (அங்கீகரிக்கப்படாத சிஸ்டம் கிளம்பாமல் தடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, அந்தப் பென்டிரைவிலிருந்தே கிளப்புங்கள். மெனுவில் 'லைவ்' (டிஸ்க்கில் பதிக்காமலே ஓட்டிப் பார்ப்பது) மட்டும் போதும். இன்ஸ்டால் பக்கம் இப்போது போகவே வேண்டாம். கிருஷ்ணகிரியில் என் அக்கா வீட்டில் அவசரப்பட்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, பிள்ளைகளின் போட்டோ அத்தனையும் போய்விட்டது. எனக்கு இன்னும் வருத்தம்தான்.

வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். லைவில் செய்தது எதுவும் அணைத்தபின் தங்காது. எல்லாம் சரியாக ஓடினால், படங்களை வேறு டிரைவுக்கு எடுத்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அப்புறம் இன்ஸ்டாலைப் பார்க்கலாம்.